அட்டாச்மென்ட் ஏன் நகரவே மாட்டேங்குது?



இது ஒரு சின்ன டெக்னிக்கல் பாடம். ஆனா ஒரு குற்ற உணர்ச்சியிலிருந்து பிறந்த பாடம். அதனால கதையை முதல்ல சொல்லிடறேன்.

போன செமஸ்டர்ல ஒரு வெள்ளிக்கிழமை. பிளேஸ்மென்ட் ஆபீஸ்ல நான் வாலண்டியர். ஒரு கம்பெனிக்கு 61 பேரோட ரெஸ்யூம் சாயங்காலம் 5 மணிக்குள்ள போகணும். எல்லாம் ஆபீஸ் ஷேர்டு டிரைவ்ல, ரெண்டு ஜிப் ஃபைலா இருந்தது. ஒவ்வொண்ணும் 18 எம்பி சுமார். 4.35-க்கு உட்கார்ந்தேன். மெயிலைத் திறந்தேன், அட்டாச் அழுத்தினேன், இசட் டிரைவுக்குள்ள போய் ஃபைலைத் தேர்ந்தெடுத்தேன். வட்டம் சுத்த ஆரம்பிச்சது. முதல் மெயில் போனப்போ மணி 4.52. ரெண்டாவது மெயில் போனப்போ 5.10.

முதல் மெயில்ல இருந்த 38 பேருக்கு டெஸ்ட் லிங்க் வந்தது. மீதி 23 பேருக்கு வரல. அந்த 23-ல என் ரூம்மேட்டும் ஒருத்தன்.

அன்னிக்கே சார்கிட்ட போய், "லேப் அண்ணா சர்வரை சரியா செட் பண்ணல சார், அதான் இவ்வளவு ஸ்லோ"ன்னு சொல்லிட்டேன். எந்த ஆதாரமும் இல்லை. திங்கட்கிழமை அண்ணா என்னைக் கூப்பிட்டு பக்கத்துல உட்கார வெச்சார். "ஸ்லோன்னு சொன்னியே, எங்க ஸ்லோன்னு அளந்து பாத்தியா?"ன்னு மட்டும் கேட்டார். அரை மணி நேரத்துல காரணம் கிடைச்சது. அந்த அரை மணி நேரத்தைத்தான் இங்க எழுதறேன்.

ஒரு ஃபைல், ரெண்டு பயணம்

ஷேர்டு டிரைவ்ல இருக்கற ஃபைல் உங்க கம்ப்யூட்டர்ல இல்லை. மை கம்ப்யூட்டருக்குள்ள சி டிரைவ் பக்கத்துலயே இசட் டிரைவும் தெரியறதால நம்ம மூளை ஏமாந்துடுது. உண்மையில அது வேற ஒரு மெஷின்ல, வேற ஒரு ஹார்டு டிஸ்க்ல இருக்கு.

அதனால நீங்க அட்டாச் பண்ணும்போது ஃபைல் ரெண்டு தடவை பயணம் போகுது. முதல் பயணம், ஃபைல் சர்வர்லிருந்து உங்க கம்ப்யூட்டருக்கு. இது கேம்பஸ் நெட்வொர்க்குக்குள்ளயே நடக்குது. ரெண்டாவது பயணம், உங்க கம்ப்யூட்டர்லிருந்து மெயில் சர்வருக்கு. பெரும்பாலும் இது இன்டர்நெட் வழியா. பிரவுசர்ல மெயில் பாக்கறவங்களுக்கு ரெண்டு பயணமும் ஒரே நேரத்துல நடக்கும், திரையில ஒரே ஒரு கோடுதான் நகரும். எந்தப் பயணம் தாமதம்னு அந்தக் கோடு சொல்லவே சொல்லாது. நாம உடனே "நெட் ஸ்லோ"ன்னு முடிவு பண்ணிடுவோம்.

முதல்ல பிரிச்சு அளங்க

மொபைல்ல ஸ்டாப்வாட்சை எடுத்துக்கோங்க. மூணு அளவு போதும்.

1. அந்த ஃபைலை ஷேர்டு டிரைவ்லிருந்து டெஸ்க்டாப்புக்கு காப்பி பண்ணுங்க. எவ்வளவு நேரம்?

2. டெஸ்க்டாப்ல இருக்கற காப்பியை ஒரு புது மெயில்ல அட்டாச் பண்ணி உங்களுக்கே அனுப்புங்க. எவ்வளவு நேரம்?

3. இப்போ ஷேர்டு டிரைவ்லிருந்து நேரா அட்டாச் பண்ணி அனுப்புங்க. எவ்வளவு நேரம்?

முதலாவது ஸ்லோன்னா பிரச்சினை முதல் பயணத்துல: சர்வர், கேபிள், ஸ்விட்ச், வைஃபை. ரெண்டாவது ஸ்லோன்னா ஃபைலோட சைஸ் அல்லது இன்டர்நெட். முதல் ரெண்டும் வேகமா இருந்து மூணாவது மட்டும் ஸ்லோன்னா, மெயில் சாஃப்ட்வேரோ ஆன்டிவைரஸோ நெட்வொர்க் ஃபைலைப் படிக்கிற விதத்துல சிக்கல்.

எங்க ஆபீஸ்ல வந்த விடை: காப்பி பண்ண 14 நிமிஷம். டெஸ்க்டாப்லிருந்து மெயில் அனுப்ப 40 செகண்ட். இன்டர்நெட் மேல தப்பே இல்லை. வெள்ளிக்கிழமை நான் இன்டர்நெட்டைத் திட்டி மோடத்தை ரெண்டு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணது சுத்த வேஸ்ட்.

முதல் பயணம் ஸ்லோன்னா

நெட்வொர்க்ஸ் பேப்பர்ல ஸ்டாப் அண்ட் வெயிட் படிச்சிருப்போம். ஒரு ஃபிரேம் அனுப்பு, பதில் வர்ற வரை காத்திரு, அடுத்தது அனுப்பு. பரீட்சைக்கு கணக்கு போட்டு மறந்துட்டோம். அது இங்க உயிரோட இருக்கு.

விண்டோஸ் ஷேர்டு டிரைவ் பேசற மொழிக்கு எஸ்எம்பின்னு பேர். அதோட பழைய வெர்ஷன்ல ஃபைலை அதிகபட்சம் 64 கேபி அளவுள்ள துண்டுகளா கேட்டுக் கேட்டு வாங்கும். 18 எம்பி ஃபைல்னா 288 துண்டு. ஒவ்வொரு கேள்விக்கும் பதில் வர 1 மில்லிசெகண்ட் ஆச்சுன்னா, காத்திருக்கற நேரம் மொத்தமே 0.3 செகண்ட்தான். அதே ஃபைலை ஹாஸ்டல்லிருந்து விபிஎன் வழியா எடுக்கறீங்க, பதில் வர 100 மில்லிசெகண்ட் ஆகுதுன்னு வெச்சுக்கோங்க. 28.8 செகண்ட் வெறும் காத்திருப்பு! பேண்ட்வித் எவ்வளவு பெருசா இருந்தாலும் இந்தக் காத்திருப்பு குறையாது. ரோடு எட்டு வழிச்சாலையா இருந்தாலும், ஒரே ஒரு ஆட்டோ போயிட்டுப் போயிட்டு வந்தா அப்படித்தான்.

புது வெர்ஷன்கள் பெரிய துண்டா, பல துண்டை ஒரே நேரத்துல கேட்கும். அதனால பழைய ஸ்டோரேஜ் பெட்டி ஒண்ணு முதல் வெர்ஷனையே பிடிச்சுத் தொங்கினா, வேகமும் போச்சு, பாதுகாப்பும் போச்சு. 2017-ல உலகம் முழுக்கப் பரவின வான்னாக்ரை நுழைஞ்சது அந்த முதல் வெர்ஷன்ல இருந்த ஓட்டை வழியாத்தான்.

அடுத்து கேபிள். டாஸ்க் மேனேஜர் திறந்து, பெர்ஃபார்மன்ஸ்ல ஈதர்நெட் பாருங்க. காப்பி நடக்கும்போது கிராஃப் சீரா இருக்கா, ஏறி இறங்கி பல்லு பல்லா இருக்கான்னு கவனிங்க. செட்டிங்ஸ்ல லிங்க் ஸ்பீடும் பாருங்க. ஜிகாபிட் வேகத்துக்கு கேபிளுக்குள்ள இருக்கற நாலு ஜோடி கம்பியும் வேணும். 100 மெகாபிட்டுக்கு ரெண்டு ஜோடி போதும். அதனால ஜிகாபிட் வரவேண்டிய இடத்துல 100-ன்னு காட்டுச்சுன்னா, ஒரு ஜோடி அறுந்திருக்கலாம்னு சந்தேகப்படலாம்.

அப்புறம் பிங். சும்மா நாலு தடவை பிங் பண்ணி "பதில் வருது, நல்லாருக்கு"ன்னு விட்டுடாதீங்க. மைனஸ் என் 100 போட்டா நூறு தடவை போகும். அதோட மைனஸ் எல் 1400 சேர்த்தா பெரிய பாக்கெட்டா போகும். இது முக்கியம். சின்ன பாக்கெட் மோசமான கேபிள்லயும் தப்பிச்சுப் போயிடும், பெருசுதான் மாட்டும். எங்க சர்வருக்கு சின்ன பாக்கெட் நூறுல 2 தொலைஞ்சது. பெரிய பாக்கெட் நூறுல 19 தொலைஞ்சது. ஒரே கட்டடத்துக்குள்ள, வயர் வழியா போற பாக்கெட் ஒண்ணு கூட தொலையக் கூடாது.

"19 சதவீதம் தொலைஞ்சா 19 சதவீதம்தானே ஸ்லோ ஆகணும்?"னு நான் கேட்டேன். அப்படி இல்லை. ஒரு பாக்கெட் தொலைஞ்சா, டிசிபி அதை ரோட்டுல டிராஃபிக் ஜாம்னு நினைச்சு தன் வேகத்தைக் குறைச்சுக்கும். பதிலே வரலைன்னா கொஞ்ச நேரம் காத்திருந்து திரும்ப அனுப்பும். அதுவும் தொலைஞ்சா இன்னும் அதிக நேரம் காத்திருக்கும். சில செகண்ட்ல முடிய வேண்டியது நிமிஷக்கணக்குல போறது இப்படித்தான்.

பக்கத்து கம்ப்யூட்டர்லிருந்தும் அதே ரிசல்ட். ஆனா ஒரு கம்ப்யூட்டர்லிருந்து இன்னொரு கம்ப்யூட்டருக்கு ஒண்ணும் தொலையல. அப்போ ஸ்விட்சும் எங்க கேபிளும் சரி. மிச்சம் இருக்கறது சர்வருக்கும் ஸ்விட்சுக்கும் நடுவுல இருக்கற ஒரே கேபிள். அண்ணா குனிஞ்சு பார்த்தார். மேசைக்கால் நேரா கேபிள் மேல உட்கார்ந்திருந்தது. லைட் எல்லாம் பச்சையா எரிஞ்சுட்டுதான் இருந்தது.

அந்த மேசையை புதன்கிழமை இன்டர்வியூவுக்காக நகர்த்தினது யாருன்னு கேட்காதீங்க. நானும் இன்னொரு வாலண்டியரும்தான்.

கேபிளை மாத்தினோம். அதே ஃபைல் ரெண்டு செகண்ட் கூட ஆகாம டெஸ்க்டாப்புக்கு வந்தது.

ரெண்டாவது பயணம் ஸ்லோன்னா

இங்க பலருக்குத் தெரியாத ஒரு விஷயம்: அட்டாச்மென்ட் போகும்போது குண்டாகும். மெயில் அனுப்பற எஸ்எம்டிபி 1982-ல வெறும் ஆங்கில எழுத்துகளை அனுப்பறதுக்குன்னு எழுதப்பட்டது. 1992-ல மைம் வந்தப்புறம்தான் படம், ஜிப் எல்லாம் அனுப்ப ஒரு பொதுவான வழி கிடைச்சது. அந்த வழி பேஸ்64: மூணு பைட்டை நாலு எழுத்தா மாத்தும். வரி முடிவுகளையும் சேர்த்தா சுமார் 37 சதவீதம் கூடும். 18 எம்பி ஃபைல் 24.6 எம்பி ஆகும். 20 எம்பி ஃபைல் 27 எம்பியைத் தாண்டும். குண்டான சைஸை வெச்சு 25 எம்பி லிமிட் பாக்கற மெயில் சர்வர், "20 தானே"ன்னு நீங்க அனுப்பினதைத் திருப்பி அனுப்பிடும்.

நேரத்தையும் கணக்கு போடுங்க. 24.6 எம்பின்னா சுமார் 197 மெகாபிட். அப்லோடு வேகம் 2 மெகாபிட்னா 98 செகண்ட். ஸ்பீடு டெஸ்ட்ல டவுன்லோடு நம்பரைப் பார்த்து சந்தோஷப்படாதீங்க, இங்க வேலை செய்யறது அப்லோடு.

மூணாவது மட்டும் ஸ்லோன்னா

இதுக்கு பெரும்பாலும் மூணு காரணம். ஒண்ணு, ஆன்டிவைரஸ் நெட்வொர்க் ஃபைலையும் ஸ்கேன் பண்ணுது. லேப் அட்மின்கிட்ட சொல்லி செட்டிங்கைப் பார்க்கச் சொல்லுங்க, நீங்களா ஆஃப் பண்ணாதீங்க. ரெண்டு, ஒரே ஃபோல்டர்ல ஆயிரக்கணக்கான ஃபைல். தேர்ந்தெடுக்கற விண்டோ ஒவ்வொண்ணுக்கும் படம் காட்ட முயற்சி பண்ணும். வியூவை டீடெய்ல்ஸுக்கு மாத்துங்க, வருஷம் வாரியா ஃபோல்டர் பிரிங்க. மூணு, செத்துப்போன டிரைவ். எப்பவோ மேப் பண்ணின பழைய சர்வர் இப்போ இல்லை, ஆனா விண்டோஸ் ஒவ்வொரு தடவையும் அதைத் தேடிப் பார்த்துக் காத்திருக்கும். மை கம்ப்யூட்டர்ல சிவப்புப் பெருக்கல் குறியோட ஒரு டிரைவ் இருந்தா, ரைட் கிளிக் பண்ணி டிஸ்கனெக்ட் பண்ணிடுங்க.

டெட்லைன் நேரத்துல

சரி, மணி 4.40, கோடு நகரல. அப்போ ஆராய்ச்சி வேண்டாம், இதைப் பண்ணுங்க. டெஸ்க்டாப்புக்கு காப்பி ஓட விடுங்க, அது எவ்வளவு நேரம் காட்டுதுன்னு பாருங்க. நிமிஷக்கணக்குல காட்டினா நிறுத்திட்டு, பென்டிரைவை எடுத்துக்கிட்டு சர்வர் மெஷினுக்கே போங்க. எங்க சர்வர் அதே ரூம்லதான், எட்டடி தூரத்துல இருந்தது. எனக்குத் தோணல. பெரிய ஃபைலா இருந்தா கிளவுட்ல ஏத்தி லிங்க் அனுப்புங்க, எதிர்ல இருக்கறவங்க திறக்க பெர்மிஷன் இருக்கான்னு வேற ஒரு ஐடியில செக் பண்ணிட்டு. எல்லாத்துக்கும் மேல, கடைசி அரை மணி நேரத்துல அட்டாச் பண்ண உட்காராதீங்க.

லேப் அண்ணாகிட்ட மன்னிப்பு கேட்டேன். சார்கிட்டயும் போய் நடந்ததைச் சொன்னேன். சார் கம்பெனிக்கு போன் பண்ணிப் பார்த்தார், அவங்க லிஸ்ட்டை மூடிட்டாங்க. ரூம்மேட் ரெண்டு மாசம் கழிச்சு வேற கம்பெனில செலக்ட் ஆனான். அந்த 23 பேர்ல இன்னும் தேடிக்கிட்டு இருக்கறவங்களும் இருக்காங்க.

உங்க டிபார்ட்மென்ட்ல யாராவது "நெட் ஸ்லோ", "சர்வர் சரியில்லை"ன்னு சொன்னா, எங்க ஸ்லோன்னு கேளுங்க. ஸ்டாப்வாட்ச் உங்க பாக்கெட்லயே இருக்கு. அப்படியே மேசைக்கு அடியிலயும் ஒரு தடவை பாருங்க.