ரிஜக்ட் பீசும் விண்வெளிக் கரடியும்

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், இயற்பியல் மாணவன்)

முன்னுரை

குழந்தைகளுக்கென்று வரையப்பட்ட ஒரு கார்ட்டூன் படத்தைப் பற்றிக் கல்லூரி மலரில் கட்டுரை எழுதலாமா? இந்தத் தலைப்பைச் சொன்னபோது என் வகுப்பு நண்பர்கள் சிரித்தார்கள். எழுதலாம் என்பதே என் துணிபு. ஒரு பொருளை ஆராய அது பெரியதாக இருக்க வேண்டும் என்பதில்லை. பார்க்கும் கண் நேர்மையாக இருந்தால் போதும். திருப்பூரில் பிறந்தவனுக்கு அந்தக் கண்ணை யாரும் தனியாகக் கற்பிக்க வேண்டியதில்லை. என் தாயார் இருபது ஆண்டுகளாகப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவர். பீசை வெளிச்சத்தில் விரித்து, ஓட்டையா, எண்ணெய்க் கறையா, தையல் விட்டிருக்கிறதா, கலர் விலகியிருக்கிறதா என்று பார்த்து, குறை உள்ள இடத்தில் அம்புக்குறி ஒட்டி வைப்பார். அதே முறையில் ஒரு கார்ட்டூனை விரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கரடி வந்த கதை

நான் மூன்றாம் வகுப்புப் படித்தபோது, ஒரு சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு அம்மா காதர்பேட்டையில் எனக்கு ஒரு டி-சர்ட் வாங்கி வந்தார். விலை முப்பது ரூபாய். மார்பில் முக்காடு போட்ட ஒரு கரடிக்குட்டி, கையில் ஈட்டி. நான்கு கலர் பிரிண்ட். ஒவ்வொரு கலருக்கும் ஒரு ஸ்கிரீன் வைத்து அடிப்பார்கள் என்பதும், ஒரு ஸ்கிரீன் நூலளவு நகர்ந்தால் படம் கெட்டுவிடும் என்பதும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும். என் கரடிக்குக் கறுப்பு ஸ்கிரீன் நகர்ந்திருந்தது. ஒரு கண் கண்ணுக்கு வெளியே இருந்தது. கழுத்து லேபிள் வெட்டப்பட்டிருந்ததால் அது யார், எந்தக் கதையில் வருவது என்று அறிய வழியில்லை.

பள்ளியில் அந்தச் சட்டைக்கு ஒரே நாளில் பெயர் கிடைத்தது: 'ரிஜக்ட் பீஸ்'. மறுவாரம் அந்தப் பெயர் எனக்கே வந்துவிட்டது. ஐந்தாம் வகுப்பு வரை என்னை அப்படித்தான் கூப்பிட்டார்கள். அந்தச் சட்டையை இனிப் போடமாட்டேன் என்று அம்மாவிடம் கத்தினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மடித்துப் பெட்டியில் வைத்தார்.

ஆனால் உள்ளுக்குள் அந்தக் கரடியை எனக்குப் பிடித்திருந்தது. அம்மா ஒன்றரை ஷிப்டு முடித்து வர இரவு ஒன்பதாகும். அதுவரை எனக்கும் தங்கைக்கும் துணை, 2006-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் கிடைத்த வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி. சுட்டி டிவியில் எத்தனையோ பேர் தமிழ் பேசினார்கள். அவர்களுள் என் கரடியைத் தேடினேன். அது வரவேயில்லை.

சென்ற ஆண்டு, விடுதி அறையில் நண்பனின் கைபேசியில் ஓர் ஆங்கிலப் படம் பார்த்துக்கொண்டிருந்தோம். காட்டில் ஒரு புதர் விலகியது. ஈட்டியோடு வெளியே வந்தது என் கரடி! இரண்டு கண்ணும் சரியாக இருந்தன. நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

தாய்க் கதையும் கிளைக் கதையும்

அந்தப் படம் 1983-இல் வெளிவந்த 'ரிட்டர்ன் ஆஃப் த ஜெடாய்'. ஜார்ஜ் லூகாஸ் 1977-இல் தொடங்கிய 'ஸ்டார் வார்ஸ்' என்னும் விண்வெளிப் பெருங்கதையின் மூன்றாம் படம். எண்டோர் என்னும் காட்டு நிலவில் வாழும் குள்ளமான கரடி மக்களே ஈவாக்குகள். என் சட்டையில் இருந்தவன் பெயர் விக்கெட். படத்தில் அவனாக நடித்த வார்விக் டேவிஸ் அப்போது பதினொரு வயதுச் சிறுவன்.

இந்தப் பெருங்கதையிலிருந்து குழந்தைகளுக்கென இரண்டு கார்ட்டூன் தொடர்கள் பிரித்தெடுக்கப்பட்டன. ஒன்று 'ஈவாக்ஸ்', மற்றொன்று ஆர்-2 டி-2, சி-3 பிஓ என்னும் இரு இயந்திர மனிதர்களின் கதையான 'டிராய்ட்ஸ்'. இரண்டும் 1985 செப்டம்பர் 7 அன்று அமெரிக்காவின் ஏ.பி.சி. தொலைக்காட்சியில் ஒரே நாளில் தொடங்கின. தயாரித்தது கனடாவின் டொரண்டோ நகரிலுள்ள நெல்வானா நிறுவனம். 'டிராய்ட்ஸ்' 13 பகுதிகளோடும் 1986-இல் வந்த ஒரு சிறப்புப் படத்தோடும் முடிந்தது. 'ஈவாக்ஸ்' இரண்டு பருவங்கள் ஓடி 1986 இறுதியில் நின்றது. முதல் பருவத்துக்கு முகப்புப் பாடல் அமைத்த அமெரிக்க இசைக்கலைஞரின் பெயர் தாஜ் மகால் என்பது நமக்குச் சுவையான செய்தி.

நான் பிறப்பதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் நின்றுபோன தொடர் இது. ஆயினும் அதைத் தேடிப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்டது புதியதைக் கண்ட வியப்பு அன்று. பழைய வீட்டுக்குத் திரும்பிய உணர்வு. பார்க்காத படத்தையும் ஒருவன் நினைத்து ஏங்க முடியும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

துணியின் தரம்

முதலில் துணியைப் பார்ப்போம். பிறகு குறையைப் பார்ப்போம். இது அம்மாவின் வரிசை.

தாய்ப் படத்தில் போர், பேரரசு, தந்தை-மகன் பகை என்று பெரிய செய்திகள். கார்ட்டூனிலோ செய்திகள் வீட்டளவு சிறியவை. ஒரு கதையில் மோராக் என்னும் சூனியக்காரி காட்டையே எரிக்கச் சூழ்ச்சி செய்கிறாள், சிறுவர்கள் தடுக்கிறார்கள். இன்னொரு கதையில் விக்கெட்டின் தந்தை டீஜ் நஞ்சேறிக் கிடக்கிறார். மூன்று மகன்களும் மருந்துக்கான பொருள்களைத் தேடி ஆளுக்கொரு திசையாகப் புறப்படுகிறார்கள். எட்டு வயதில் அதை நான் பார்த்திருந்தால் அழுதிருப்பேன். தந்தைக்கு உடம்புக்கு முடியாதபோது மருந்துக் கடைக்கு ஓடிய பிள்ளைகள் நம் வகுப்பில் எத்தனை பேர்! உலகைக் காப்பது பெரியவர்களின் கனவு. அப்பாவைக் காப்பது குழந்தையின் கனவு. இந்த வேற்றுமையை உணர்ந்து எழுதியதே இத்தொடரின் சிறப்பு எனலாம். துணி நல்ல துணிதான்.

அம்புக்குறி ஒட்ட வேண்டிய இடங்கள்

இனிக் குறைகள். முதலாவது அறிவியல் பற்றியது. எண்டோர் ஒரு கோளைச் சுற்றும் நிலவு. நிலவில் காடு வளருமா? நம் நிலாவின் விட்டம் 3,474 கி.மீ.; விடுபடு திசைவேகம் வினாடிக்கு 2.4 கி.மீ. அங்கே நம்மைப் போன்றோர் மூச்சுவிடக் காற்று இல்லை. சனிக் கோளின் நிலவான டைட்டனின் விட்டம் 5,150 கி.மீ.; விடுபடு திசைவேகம் 2.6 கி.மீ. வேற்றுமை சிறிதே. ஆனால் டைட்டனின் தரையில் வளியழுத்தம் புவியைப் போல் ஒன்றரை மடங்கு! காரணம் குளிர். அங்கே வெப்பநிலை சுமார் மைனஸ் 179 டிகிரி செல்சியஸ். குளிரில் மூலக்கூறுகள் மெதுவாக ஓடுகின்றன; தப்பிச் செல்ல முடிவதில்லை. இதமான வெப்பமும் வேண்டும், காற்றும் தங்க வேண்டும் என்றால் அந்த நிலவு இவற்றைவிடப் பல மடங்கு நிறை கொண்டதாக இருக்க வேண்டும். ஆகவே எண்டோர் நடவாத கற்பனை அன்று; கதை சொல்பவர் அளவைச் சொல்லாமல் விட்டுவிட்டார், அவ்வளவே. வெற்றிடத்தில் விண்கலங்கள் உறுமிக்கொண்டு பறக்கும் தாய்ப் படத்தின் பிழை இதைவிடப் பெரிது. ஒலிக்கு ஊடகம் வேண்டும் என்பது பள்ளிப் பாடம் அன்றோ!

இரண்டாவது குறை வேலையைப் பற்றியது. பல காட்சிகளில் உடல் அசையாது. வாய் மட்டும் அசையும். ஒரே மரம் திரும்பத் திரும்ப வரும். ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். திரைப்படச் சுருள் வினாடிக்கு 24 சட்டம் ஓடும். ஒரு படத்தை இரண்டு சட்டத்துக்குப் பயன்படுத்தினால் வினாடிக்கு 12 படம். 22 நிமிடக் கதைக்கு 15,840 படங்கள்! அத்தனையும் வாராவாரம் டெலிவரி ஆக வேண்டும். எனவே சிக்கனம் செய்கிறார்கள். டொரண்டோ நிறுவனமும் எல்லாவற்றையும் தானே வரையவில்லை; படங்களை அசையவைக்கும் வேலை தென்கொரியாவின் ஹன்ஹோ என்னும் நிறுவனத்துக்குப் போயிற்று. அமெரிக்காவில் ஆர்டர், கனடாவில் டிசைன், கொரியாவில் வேலை! இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இது நம் ஊர் ஜாப் ஒர்க் அல்லவா? ஆர்டர் ஒரு நாட்டில், நிட்டிங் ஒரு பட்டறையில், பிரிண்டிங் ஒரு பட்டறையில், தையல் ஒரு பவர் டேபிளில் என்று நடக்கும் அதே கதை. முழுச் சட்டையைச் செய்தவர் என்று ஒருவரைக் காட்ட முடியாது.

மூன்றாவது குறையே பெரிய குறை. 1983 படத்தில் ஈவாக்குகளுக்குத் தனி மொழி உண்டு. ஒலி வல்லுநர் பென் பர்ட், கல்மிக் மக்களின் பேச்சு முதலியவற்றின் ஓசையைக் கொண்டு அதை அமைத்தார். பல இலட்சம் மொழி தெரிந்த சி-3 பிஓ, ஓர் இரவில் நெருப்பைச் சுற்றி அமர்ந்த அந்த மக்களுக்கு, அதுவரை நடந்த கதை முழுவதையும் அவர்கள் மொழியிலேயே சொல்கிறான். கேட்டு முடித்ததும் அவர்கள் போரில் சேர்கிறார்கள். பேரரசு வீழ்ந்ததற்கு வாளும் வெடிகுண்டும் மட்டும் காரணம் அல்ல. தாய்மொழியில் சொல்லப்பட்ட ஒரு கதையும் காரணம். ஆனால் கார்ட்டூனில் அதே ஈவாக்குகள் ஒருவருக்கொருவர் ஆங்கிலம் பேசுகிறார்கள்! பார்க்கும் அமெரிக்கக் குழந்தைக்குப் புரிய வேண்டுமென்று செய்தது சரிதான். எனினும் அந்தக் கரடிகளிடமிருந்து ஒன்று போய்விட்டது.

இந்த இடத்தில் நான் அம்புக்குறி ஒட்டக் காரணம் உண்டு. நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. முடுக்கம், உந்தம், நிலைமம் என்று படித்தவன். கல்லூரியில் முதல் மாதம் 'ஆக்சிலரேஷன்' என்று கேட்டபோது அது எனக்குத் தெரிந்த முடுக்கம்தான் என்பதே விளங்கவில்லை. தெரியாதவனைப் போல் கடைசிப் பெஞ்சில் இருந்தேன். மீண்டும் 'ரிஜக்ட் பீஸ்' ஆகிவிட்டோமோ என்று அஞ்சினேன். ஒரு பேராசிரியர் ஒரு நாள் பாடத்தை முடித்தபின் ஐந்தே நிமிடம் அதையே தமிழில் சொன்னார். எனக்கு அது நெருப்பைச் சுற்றி அமர்ந்து கேட்ட கதை போல இருந்தது. அன்று நான் போரில் சேர்ந்தேன்.

நம் நாட்டு முயற்சிகள்

பெரிய படத்திலிருந்து சிறுவர் கார்ட்டூனைப் பிரித்தெடுக்கும் வழக்கம் நம் நாட்டிலும் வந்துவிட்டது. வேற்றுக்கோள் விருந்தாளி ஒருவனைக் காட்டிய 2003-ஆம் ஆண்டின் இந்திப் படம் 'கோயி... மில் கயா'. அதன் தொடர்ச்சியாகக் 'கிரிஷ்' படங்கள் வந்தன. அவற்றிலிருந்து 2013-இல் 'கிட் கிரிஷ்' என்னும் கார்ட்டூன் பிறந்தது. அதைச் செய்தது திருவனந்தபுரத்தின் டூன்ஸ் நிறுவனம். 2024-இல் 'கல்கி 2898 ஏடி' படத்துக்கு ஒரு மாதம் முன்பாகவே 'புஜ்ஜி அண்ட் பைரவா' என்னும் இரண்டு பகுதிக் கார்ட்டூன் வெளிவந்தது. சோட்டா பீமைப் படைத்த ஹைதராபாத்தின் கிரீன் கோல்டு நிறுவனத்தின் வேலை அது. அமெரிக்காவில் படம் முடிந்தபின் பிள்ளைகளுக்கு மீதித் துணியில் தைத்தார்கள். இங்கே படம் வருமுன்பே சாம்பிள் பீஸ் அனுப்பினார்கள் என்று சொல்லலாம். திருவனந்தபுரமும் ஹைதராபாத்தும் நமக்குத் தொலைவில் இல்லை. வரையும் கை நம் பக்கத்து ஊர்களிலேயே இருக்கிறது. தமிழ்ச் சிறுவன் ஒருவன் தமிழிலேயே நினைத்து விண்ணில் பறக்கும் பெருங்கதைதான் இன்னும் வேண்டும்.

முடிவுரை

ஸ்டார் வார்ஸ் அன்பர்கள் பலர் இந்தக் கார்ட்டூனைத் தாய்ப் படத்துக்கு அடுத்தபடியாக, 'செகண்ட்ஸ்' ஆகவே வைத்தார்கள். செகண்ட்ஸ் என்றால் என்னவென்று திருப்பூர்க்காரனைக் கேட்க வேண்டும். நூல் அதே நூல். சாயம் அதே சாயம். தைத்த கையும் அதே கை. எங்கோ ஓரிடத்தில் ஒன்று நகர்ந்திருக்கிறது. அவ்வளவுதான். குறையைக் காட்டும் அம்புக்குறி அந்த இடத்துக்கு மட்டுமே உரியது; முழுப் பீசுக்கும் அல்ல. மனிதர்களுக்கும் இதுவே பொருந்தும்.

தீபாவளி விடுமுறையில் ஊருக்குப் போனபோது அம்மாவுக்குக் கைபேசியில் ஒரு பகுதியைப் போட்டுக் காட்டினேன். கரடியை உடனே அடையாளம் கண்டுகொண்டார். உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து அந்தச் சட்டையை எடுத்து வந்தார். மடிப்புக் கலையாமல் இருந்தது. நான் கத்திய நாளைப் பற்றி இருவருமே பேசவில்லை. படம் முடியும்வரை பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, இத்தனையும் கையில வரைஞ்சாங்கன்னு சொல்றயே, அவங்களுக்குப் பீஸ் ரேட்டா, ஷிப்டு சம்பளமா?" என்று கேட்டார்.

பதினையாயிரம் படத்தைக் கணக்கிட்ட எனக்கு அந்தக் கேள்வி தோன்றவில்லை. வரைந்தவரின் கையை நினைக்க இருபது ஆண்டு கைவேலை செய்த ஒருவர் வேண்டியிருந்தது. நண்பர்களே, எந்த நூலைப் படித்தாலும், எந்தப் படத்தைப் பார்த்தாலும் இந்தக் கேள்வியையும் சேர்த்தே கேட்போமாக. நம் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கப்போகும் நாம், நமக்கு முன் வேலை செய்தவர்களின் கண்ணையும் நம் படிப்போடு சேர்த்துக்கொள்வோமாக!