மீட்டரைப் பார்த்து வாங்குங்கள்

எங்கள் மகள் 27 வாரத்தில் பிறந்தவள். பிரசவத் தேதி நெருங்கியும் நுரையீரல் தேறாததால் மூக்குக் குழாயோடுதான் வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்படிக் கிளம்புகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது: ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரை வாடகைக்கு எடுக்கும்போது கடைக்காரர் பேச்சை நம்பாதீர்கள்.

டாக்டர் எழுதியது நிமிடத்துக்குக் கால் லிட்டர். கைக்குழந்தைக்கு என்று அழுத்திச் சொல்லித்தான் கேட்டோம். "அஞ்சு லிட்டர் மிஷின்மா, குறைச்சு வெச்சுக்கலாம்" என்று இறக்கிவிட்டுப் போய்விட்டார். அது பெரியவர்களுக்கான மிஷின். மீட்டரில் கோடே அரை லிட்டரில்தான் தொடங்கியது. அதற்குக் கீழே திருகினால் மீட்டருக்குள் அளவு காட்டும் சின்ன உருண்டை அடியில் கிடந்து நடுங்கியது; எவ்வளவு போகிறது என்று யாருக்குத் தெரியும்? கூட்டிவைக்கப் பயம். அளவுக்கு மீறிய ஆக்சிஜன் குறைமாதப் பிள்ளையின் விழித்திரையைக் கெடுக்கும், அவளுக்குக் கண் பரிசோதனைகளே முடியவில்லை. குறைத்துவைத்தால் பால் குடிக்கும்போது உதடு நீலம் பாரித்தது. விடிவதற்குள் மறுபடி வார்டு. அந்தச் செலவைக் கடைக்காரரா கொடுத்தார்?

குழந்தைகளுக்கென்றே லோ ஃப்ளோ மீட்டர் இருக்கிறது. அதை மாட்டி, டிஸ்சார்ஜுக்கு முன்பே வார்டில் வைத்து ஓட்டிப் பாருங்கள். நர்ஸ் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

விரலில் கவ்வும் ஆக்சிமீட்டர் உதவாது, பாதத்தில் சுற்றும் புரோப் கேளுங்கள். கரண்ட் போனால் மிஷின் நின்றுவிடும் என்பதால் பி டைப் சிலிண்டர் வேண்டும். அதில் சுமார் 1,500 லிட்டர் இருக்கும், கால் லிட்டர் கணக்கில் நான்கு நாள் தாங்கும். அதற்கும் லோ ஃப்ளோ மீட்டர்தான்.

குளிப்பாட்டியதும் சாம்பிராணி போட்டே ஆகவேண்டும் என்றார் மாமியார். நான் விடவில்லை. புகை அந்த நுரையீரலுக்கு ஆகாது. போதாததற்கு, ஆக்சிஜன் கசியும் அறையில் ஒரு பொறி விழுந்தாலும் துணி குப்பென்று பற்றும். சாமி விளக்கையும் வேறு அறைக்கு மாற்றினேன். கோபித்துக்கொண்டார், பரவாயில்லை. மூக்கு காய்ந்தால் வாசலின் தடவாதீர்கள், தண்ணீரில் கரையும் ஜெல்தான் சரி.

"பழகிப்போயிடும், குழாயைக் கழற்றிடு" என்பவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. விழித்திருக்கும்போது ஆக்சிமீட்டர் நம்பர் நன்றாகத்தான் காட்டும். தூங்கும்போதும் பால் குடிக்கும்போதும்தான் இறங்கும். அப்படியே விட்டால் எடை ஏறாது, நுரையீரல் ரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறும். எங்கள் மகளுக்கு இரவு முழுக்கப் பதிவெடுத்துப் பார்த்த பிறகே டாக்டர் குழாயை எடுத்தார். அதுவரை எந்தப் பெரியப்பாவையும் அதில் கைவைக்க நான் விடவில்லை.