கணக்கெடுக்கப் போகும் முன்

ஆய்வு மாணவர்கள் முதலில் கேட்பது, "சார், எத்தனை பேர்கிட்ட கேள்வித்தாள் வாங்கணும்?" என்றுதான். எதைத் தெரிந்துகொள்ளப் போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்பேன். முறை அதிலிருந்துதான் வரும்.

எடுத்துக்காட்டுக்கு, நெல்லைக்குப் பக்கத்திலேயே கங்கைகொண்டான் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் தம் மாணவர்களைக் கொண்டு ஆராய்ந்த கிராமங்களில் அதுவும் ஒன்று; அந்த ஆய்வு 1918இல் நூலாயிற்று. 1936-37இல் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அந்த ஊர்களுக்கு மறுபடி போனார்கள். எண்பதுகளில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனமும் போனது. காலத்தால் என்ன மாறியது என்பதுதான் உங்கள் கேள்வி என்றால் இந்த மறுஆய்வு முறைக்கு இணை கிடையாது. பழைய கேள்விகளை அப்படியே கேளுங்கள். சொல்லை மாற்றினால் ஒப்பிட முடியாது.

ஆனால் ஓர் ஊரை வைத்துத் தாமிரபரணிப் பாசனம் முழுவதையும் பேச முடியாது. அதற்கு மாதிரிக் கணக்கெடுப்பு வேண்டும். பஸ் நிற்கும் இடத்தில் அகப்பட்ட நூறு பேர் மாதிரி ஆகமாட்டார்கள். கால்வாயைத் தலைமடை, நடுமடை, கடைமடை எனப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஊர்களைக் குலுக்கிப் போட்டு எடுங்கள். தண்ணீர் முந்திக் கிடைக்கிறவரும் பிந்திக் கிடைக்கிறவரும் ஒரே பதிலைச் சொல்லமாட்டார்கள். பருவமும் முக்கியம். பிசானப் பருவ நெல் அறுப்பு நடக்கும்போது போய், வாரத்தில் எத்தனை நாள் வேலை என்று கேட்டால் ஊரில் வேலைக்குப் பஞ்சமே இல்லை என்று எழுதிவிடுவீர்கள். கார் பருவச் சாகுபடிக்கு முந்தைய கோடையிலும் ஒரு தடவை போய்வாருங்கள்.

விளைச்சலை மட்டும் கேட்டு எழுதாதீர்கள், அளந்து எழுதுங்கள். பயிர் அறுவடைப் பரிசோதனையை ஒருமுறை வரப்பில் நின்று பாருங்கள். வயலுக்குள் சமவாய்ப்பில் ஓர் இடம் குறித்து, முளையடித்து, 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு கட்டுவார்கள். தூர் உள்ளே இருந்தால் சேர்த்தி. கதிர் மட்டும் உள்ளே சாய்ந்திருந்தால் சேராது. அறுத்து, அடித்து, தூற்றி, எடைபோட்ட கிலோவை 400ஆல் பெருக்கினால் ஹெக்டேர் விளைச்சல். கடனையும் கூலியையும் இப்படி அளக்க வழியில்லை. அங்கே திண்ணையில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்கத்தான் வேண்டும்.

கேட்கும்போது அளவையைக் கேட்டு எழுதுங்கள். ஒருவர் மூட்டை என்பார், ஒருவர் கோட்டை என்பார். நிலத்தையே விதைப்பாட்டில், அதாவது அதில் விதைக்கும் விதையின் அளவில், சொல்லும் பெரியவர்களும் உண்டு. அவர் சொன்னதை அவர் சொல்லிலேயே ஒரு கட்டத்தில் எழுதி, கிலோவையும் ஏக்கரையும் பக்கத்துக் கட்டத்தில் போடுங்கள்.