நூல் கோக்காத மெஷின்

கேள்வி: எனக்கு 42 வயது. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் லைன் சூப்பர்வைசர். சர்ச் கொயரில் பாடுகிறேன். மகள் வெளியூர் படிக்கப் போய்விட்டாள். அவளுடைய கீபோர்டு பீரோ மேல் கிடக்கிறது. பியானோ கற்க ஆசை. இந்த வயதில் விரல் வளையுமா?

பதில்: வளையும். அடம்பிடிக்கப்போவது உங்கள் காதுதான். நல்ல வாசிப்பு எப்படி இருக்கும் என்று அதற்கு நாற்பது வருஷமாகத் தெரியும்; விரலோ நேற்று வேலைக்குச் சேர்ந்த பிள்ளை. இரண்டுக்கும் ஒத்துப்போகாமல், வெட்கப்பட்டுப் பலர் மூன்றாம் வாரமே நிறுத்திவிடுகிறார்கள்.

உங்கள் லைனுக்குப் புதிதாக வரும் பெண்ணிடம் எடுத்த எடுப்பில் தோலைக் கொடுப்பீர்களா? நூல் கோக்காத மெஷினில், காகிதத்தில் போட்ட கோட்டின் மேல் ஓட்டிப் பழகச் சொல்வீர்கள். நேர்கோடு, வளைவு, மூலை. கை படிந்த பிறகுதான் தோல். அந்தப் பொறுமையை இப்போது உங்கள் மேலேயே காட்டுங்கள்.

கருவி: மகளின் கீபோர்டில் ஒரு கட்டையை மெதுவாகவும் அழுத்தியும் தட்டிப் பாருங்கள். சத்தம் கூடிக் குறைந்தால் முதல் ஆறு மாதத்துக்கு அது போதும். 61 கட்டை இருந்தாலும் பரவாயில்லை. பிடித்துப்போனால், கட்டைகளுக்குக் கனம் வைத்த 88 கட்டை டிஜிட்டல் பியானோவுக்கு மாறலாம். ஹெட்போன் மாட்டினால் பக்கத்து வீட்டுத் தூக்கமும் கெடாது.

பழைய மரப் பியானோ மலிவாக வருகிறது என்றால் அவசரப்படாதீர்கள். உள்ளே இருநூறுக்கும் மேல் கம்பிகள், ஃபெல்ட், மரம், தோல். ஆம், தோலும்தான். 1700 வாக்கில் இத்தாலியில் பியானோவை உருவாக்கிய கிறிஸ்டோஃபோரி, கம்பியைத் தட்டும் சுத்தியல் முனைக்குத் தோல்தான் போர்த்தினார். 1826இல் பாரிஸில் பாப் என்பவர் அதற்கு ஃபெல்ட்டைக் கொண்டுவந்தார். இன்றும் கிராண்ட் பியானோவின் சுத்தியல் காம்பில் சின்னத் தோல் உருளை உண்டு. நம் ஊர் வெயிலும் மழைக்கால ஈரமும் இவற்றை என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சுருதி சேர்க்க ஆள் கிடைப்பார் என்று தெரிந்த பிறகு வாங்குங்கள்.

உட்காரும் விதம்: முழங்கை கட்டைகளின் மட்டத்துக்கு வர வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி பெரும்பாலும் தாழ்வு. மேலே ஒரு தலையணை போடுங்கள். ஆற்காட்டு மக்கன் பேடாவை நசுங்காமல் ஏந்தினால் கை எப்படிக் குவியுமோ, அந்தக் குவிவோடு கட்டைமேல் வையுங்கள். ஷிப்ட் முடிந்து வந்ததும் உட்கார வேண்டாம், கை ஆறட்டும். மணிக்கட்டு வலித்தால் அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள். மரத்துப்போவது தொடர்ந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

பயிற்சி: ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரத்தைவிடத் தினமும் பதினைந்து நிமிஷம் மேல். ஒரு நாளைக்கு இரண்டே இரண்டு பார் (தாளக் கட்டம்). வலது கை தனியே, இடது கை தனியே, பிறகு பாதி வேகத்தில் சேர்த்து. மெட்ரோனோமை 60இல் வையுங்கள், செல்போனிலேயே கிடைக்கும். ஒரே இடத்தில் தப்பு வந்துகொண்டே இருந்தால், பாட்டை முதலிலிருந்து ஓட்டாதீர்கள். தையல் விலகின இடத்தை மட்டும் பிரித்துத் தைப்பதுபோல, அந்த நாலு சுரத்தை மட்டும் எடுத்துச் சரிசெய்யுங்கள். தப்போடு பத்துத் தடவை வாசித்தால் தப்புதான் மனப்பாடமாகும்.

சர்ச் பாட்டுப் புத்தகம்: நாலு குரலையும் ஒன்றாக வாசிக்க முயன்றுதான் கொயர்க்காரர்கள் சோர்ந்துபோகிறார்கள். முதலில் வலது கையில் மெட்டு. இடது கையில் பேஸ் வரி மட்டும். அடுத்து மூன்று கார்டுகள்: சி (சி-இ-ஜி), எஃப் (எஃப்-ஏ-சி), ஜி (ஜி-பி-டி). எளிய பாட்டுகள் எத்தனையோ இந்த மூன்றுக்குள் அடங்கும். சுருதி மாற்றும் டிரான்ஸ்போஸ் பட்டனைத் தொடாதீர்கள். சுரங்களின் மேல் எழுத்தெழுதிப் படிக்கவும் வேண்டாம். இரண்டும் பழகினால் விடாது.

ஆசிரியர்: முதல் மூன்று மாதமாவது வாரம் ஒருமுறை ஒருவர் உங்கள் கையைப் பார்க்க வேண்டும். கையின் தப்பு வீடியோவுக்குத் தெரியாது. சர்ச் ஆர்கனிஸ்ட்டையே கேட்டுப் பாருங்கள். லண்டன் டிரினிட்டி காலேஜின் இசைக் கிரேடு தேர்வுகளுக்கு மேல்வயது வரம்பு இல்லை. இனிஷியலில் தொடங்கி எட்டு வரை உண்டு. விருப்பமிருந்தால் எழுதலாம், கட்டாயமில்லை.

இன்று இரவு கீபோர்டை இறக்கித் தூசு தட்டுங்கள். வலது கை ஐந்து விரலையும் சி கட்டையிலிருந்து அடுத்தடுத்த ஐந்து வெள்ளைக் கட்டைகளில் வைத்து டோ, ரே, மி, ஃபா, சோ என்று ஏறி இறங்குங்கள். முதல் நாலு தடவை வால்யூமைச் சுத்தமாகக் குறைத்துவிடுங்கள். விரலை மட்டும் பாருங்கள். காது சும்மா இருக்கட்டும். ஐந்தாவது தடவை சத்தத்தைத் திறந்து, நூலைக் கோத்துக்கொள்ளுங்கள்.