மவுஸ் ஸ்லோவா? தப்பு யார் மேலன்னு முதல்ல பாரு

பிரவுசர்ல மவுஸ் இழுக்குதுன்னு உடனே புது மவுஸ் வாங்கக் கிளம்பாதே, தங்கச்சி. பிரவுசரை மினிமைஸ் பண்ணிட்டு, டெஸ்க்டாப்ல அம்புக்குறியை நாலு சுத்து சுத்திப் பாரு. அங்கேயும் விட்டு விட்டுக் குதிச்சா கோளாறு பெரும்பாலும் மவுஸ் பக்கம்தான். அங்கே வழுக்கிட்டு ஓடுது, பிரவுசருக்குள்ள கிளிக் பண்ணா மட்டும் தாமதமா வேலை நடக்குதுன்னா மவுஸைத் திட்டாதே. அம்புக்குறியை நகர்த்துறது விண்டோஸ் வேலை; கிளிக்குக்குப் பதில் சொல்ல வேண்டியது திறந்திருக்கிற பக்கம். பட்டன் அமுங்கின மாதிரி தெரிஞ்சு, அப்புறம் வட்டம் சுத்திக்கிட்டே இருந்தா, அது நெட்டோ அந்தத் தளத்தோட சர்வரோதான். தட்கல் நேரத்துல டிக்கெட் போடுறவங்களுக்கு இது நல்லாவே தெரியும்.

மவுஸ் பக்கம்னா சீக்கிரம் முடிஞ்சிடும். பேட்டரியை மாத்து. கவுத்துப் பிடிச்சு, வெளிச்சம் வர்ற ஓட்டையில முடியோ பஞ்சோ மாட்டியிருக்கான்னு பாரு. கண்ணாடி மேஜைன்னா கீழே ஒரு பேப்பர் போடு. வயர்லெஸ் டாங்கிளை நீல நிற யுஎஸ்பி போர்ட்ல செருகி, பக்கத்துலயே ஹார்ட் டிஸ்க்கும் மாட்டியிருக்கியா? அந்த நீல போர்ட் பெரும்பாலும் யுஎஸ்பி 3.0; அது கிளப்புற இரைச்சல் வயர்லெஸ் மவுஸோட 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னலைக் கெடுக்கும்னு இன்டெல் கம்பெனியே 2012-ல எழுதி வெளியிட்டிருக்கு. டாங்கிளைத் தள்ளி, கறுப்பு போர்ட்ல போடு.

பிரவுசர்தான் குற்றவாளின்னா கொஞ்சம் பொறுமை வேணும். ஒரு பக்கத்துல ஓடுற புரோகிராம் பெரும்பாலும் ஒத்தை ஆள் நிக்கிற ரேஷன் கடை மாதிரி. அவர் அரிசி அளந்து முடிக்கிற வரைக்கும் உன் கார்டை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். விளம்பரம், தானா ஓடுற வீடியோ எல்லாம் முன்னாடி நின்னா உன் கிளிக் வரிசையில காத்துக்கிட்டுதான் இருக்கும். கிளிக்குக்கு 200 மில்லி செகண்டுக்குள்ள பதில் தெரிஞ்சா நல்ல பக்கம்னு கூகுள் கணக்கு வெச்சிருக்கு.

யார் வேலையை அடைக்கிறாங்கன்னு கண்டுபிடிக்க, குரோம்ல ஷிஃப்ட்டும் எஸ்கேப்பும் சேர்த்து அமுக்கு. பிரவுசருக்கே உள்ள தனி டாஸ்க் மேனேஜர் திறக்கும். சிபியுங்கிற தலைப்பைக் கிளிக் பண்ணு. நிறைய இழுக்கிற டேபும் எக்ஸ்டென்ஷனும் மேல வந்து நிக்கும். அதைத் தேர்ந்தெடுத்து எண்ட் புராசஸ் கொடு. அந்த டேப்ல பாதி நிரப்பின விண்ணப்பம் இருந்தா மொதல்ல சேவ் பண்ணிக்கோ, இல்லைன்னா போயிடும். எட்ஜ்லயும் இதே கீதான். ஃபயர்ஃபாக்ஸ்ல மெனுவுக்குள்ள மோர் டூல்ஸ்ல டாஸ்க் மேனேஜர் இருக்கு.

எக்ஸ்டென்ஷன் மேல சந்தேகமா? குரோம்ல கண்ட்ரோல், ஷிஃப்ட், என் மூணும் அமுக்கி இன்காக்னிட்டோல அதே பக்கத்தைத் திற. நீயா அனுமதி கொடுக்காத வரைக்கும் அங்கே எக்ஸ்டென்ஷன் எதுவும் ஓடாது. அங்கே சட்டுனு வேலை செஞ்சா விஷயம் தெரிஞ்சு போச்சு. ஒண்ணொண்ணா ஆஃப் பண்ணிப் பாரு. கூப்பன் தேடித் தர்றது, இங்கிலீஷ் திருத்துறதுன்னு திறக்கிற பக்கத்துல எல்லாம் நுழையற எக்ஸ்டென்ஷனை முதல்ல பிடி.

ஸ்க்ரோல் பண்றப்ப பக்கம் வெட்டி வெட்டி நகர்ந்தா, குரோம் செட்டிங்ஸ்ல சிஸ்டம் போய் கிராஃபிக்ஸ் ஆக்ஸலரேஷனைப் பாரு. ஆஃப்ல இருந்தா ஆன் பண்ணு. ஆன்ல இருந்தும் இழுத்தா ஆஃப் பண்ணி, பிரவுசரை மூடித் திறந்து பாரு. ஆஃப் பண்ணதும் சரியானா, கோளாறு கிராஃபிக்ஸ் டிரைவர்ல இருக்கலாம். லேப்டாப் கம்பெனி தளத்துல இருந்து புதுசை இறக்கிப் போட்டுட்டு மறுபடி ஆன் பண்ணிடு. நிரந்தரமா ஆஃப்ல விட்டா வீடியோ பாரமெல்லாம் சிபியு தலையில விழும்.

யாரைக் கேட்டாலும் "கேஷ் கிளியர் பண்ணு"ம்பாங்க. மவுஸ் தாமதத்துக்கு அதால பெருசா பலன் இல்ல; பார்த்த பக்கமெல்லாம் திரும்ப முதல்ல இருந்து இறங்கணும், அவ்வளவுதான்.

4 ஜிபி ராம் லேப்டாப்ல முப்பது டேப் திறந்து வெச்சா எந்த டிப்ஸும் உதவாது. குரோம் செட்டிங்ஸ்ல பெர்ஃபாமன்ஸ் பகுதியில மெமரி சேவரை ஆன் பண்ணு, பார்க்காத டேபை அது தூங்க வைக்கும். அதுக்கும் மசியலைன்னா ராமை 8 ஜிபி ஆக்குறதுதான் வழி. ஆனா காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி உன் மாடல்ல ராம் மாத்த முடியுமான்னு கடையில கேட்டுக்கோ. மெலிசான லேப்டாப் பலதுல அதை போர்டோட சேர்த்தே சால்டர் பண்ணியிருப்பாங்க.