எக்செலில் ராமானுஜன் எண்: 6746328388800

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் எக்செலை வீட்டு வரவு செலவுக்கு மட்டும்தான் பயன்படுத்த வேண்டும் என்பதில்லை. பெரிய எண் ஒன்றைப் பிரித்துப் பார்க்கவும் அது உதவும்.

12 என்ற எண்ணை 1, 2, 3, 4, 6, 12 ஆகிய ஆறு எண்கள் மீதியின்றி வகுக்கும். 12க்குக் குறைந்த எந்த எண்ணுக்கும் ஆறு வகுத்திகள் கிடையாது. இப்படித் தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும் விட அதிக வகுத்திகள் கொண்ட எண்களைப் பற்றி ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன் 1915இல் நீண்ட கட்டுரை வெளியிட்டார். இதற்காகவே 1916இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பி.ஏ. பட்டம் அளித்தது. அவர் தந்த பட்டியலின் கடைசி எண்தான் 6746328388800. அதாவது சுமார் 6.75 லட்சம் கோடி.

எக்செலைத் திறந்து, ஒரு செல்லில் கீழ்க்கண்டவாறு டைப் செய்து என்டர் தட்டுங்கள். (^ குறிக்கு ஷிப்ட் கீயுடன் 6ஐ அழுத்தவும்.)

=2^6*3^4*5^2*7^2*11*13*17*19*23

விடை 6.7 என்று தொடங்கி இ+12 என்று முடிந்தால் பயப்பட வேண்டாம். அது எண்ணைச் சுருக்கிக் காட்டும் முறை. செல்லைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல் கீயுடன் 1ஐ அழுத்துங்கள். நம்பர் என்பதைத் தேர்வு செய்து, டெசிமல் பிளேசஸ் கட்டத்தில் 0 கொடுத்து ஓகே கிளிக் செய்யுங்கள். #### என்று வந்தால் காலத்தை அகலப்படுத்துங்கள். முழு எண்ணும் தெரியும்.

இதற்கு எத்தனை வகுத்திகள்? ஒவ்வொரு பகா எண்ணின் அடுக்குடனும் 1ஐக் கூட்டி, எல்லாவற்றையும் பெருக்க வேண்டும். 12 என்பது 2^2*3. எனவே 3*2=6. நம் எண்ணுக்கு வேறொரு செல்லில் இப்படிக் கொடுங்கள்:

=7*5*3*3*2*2*2*2*2

விடை 10080. இந்த எண்ணை 1 முதல் 28 வரை எதனால் வகுத்தாலும் மீதி வராது. 29ஆல் வகுத்தால்தான் மீதி வரும்.

இப்போது முதல் ஃபார்முலாவில் கடைசி *23ஐ மட்டும் நீக்குங்கள். 293318625600 வரும். இதற்கு 5040 வகுத்திகள். இதுவும் அதே இனத்தைச் சேர்ந்த எண்தான். ஆனால் ராமானுஜனின் பட்டியலில் இது விடுபட்டுள்ளது! கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் போட்ட அத்தனை பெரிய பட்டியலில் விடுபட்ட ஒன்றை, டி. கல்லுப்பட்டியில் இருந்தாலும் சென்னையில் இருந்தாலும், இன்று நீங்களே வீட்டில் சரிபார்க்கலாம்.

ஓர் எச்சரிக்கை. எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே சரியாக வைத்துக்கொள்ளும். நம் எண்ணுக்கு 13 இலக்கங்கள் என்பதால் கவலையில்லை. ஆனால் 16 இலக்க ஏடிஎம் கார்டு எண்ணை அப்படியே அடித்தால் கடைசி இலக்கம் 0 ஆகிவிடும். கணக்குப் போடத் தேவையில்லாத இதுபோன்ற நீண்ட எண்களை அடிக்கும் முன், கண்ட்ரோல் கீயுடன் 1ஐ அழுத்தி டெக்ஸ்ட் என்பதைத் தேர்வு செய்துகொள்ளுங்கள்.