ஒரு மதிப்பெண்ணை எவ்வளவு நம்பலாம்? தேர்வு அளவீடு: தொடக்கநிலையினருக்கான முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 70 என்ற எண் ஓர் உயிரைத் தீர்மானிக்கக்கூடியதாக இருந்தது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு மரண தண்டனை கூடாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2002-இல் சொல்லிவிட்டது. ஆனால் நுண்ணறிவு ஈவு 70-ஐத் தாண்டிவிட்டால் மேற்கொண்டு எந்தச் சான்றையும் பார்க்கத் தேவையில்லை என்றது புளோரிடா. மரண தண்டனைக் கைதியான ஃபிரெடி லீ ஹால் எடுத்திருந்தது 71.

அந்த ஒரு மதிப்பெண் அவருடைய அறிவைக் காட்டியதா, தேர்வின் தடுமாற்றத்தைக் காட்டியதா? இப்படிப்பட்ட கேள்விக்கு விடை தேடும் கணக்கு ஒன்று நூறு ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது. வர்க்கமூலம் வரை தெரிந்தால் போதும், ஆசிரியரும் பெற்றோரும் அதைப் போட்டுப் பார்க்கலாம்.

படி 1: மூன்று சொற்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

விடைத்தாளில் இருப்பது பெற்ற மதிப்பெண். அதற்குள் இரண்டு கலந்திருக்கின்றன: உண்மை மதிப்பெண், அளவீட்டுப் பிழை.

பெற்ற மதிப்பெண் = உண்மை மதிப்பெண் + பிழை

பிரிட்டிஷ் உளவியலாளர் சார்லஸ் ஸ்பியர்மேன் 1904-இல் வெளியிட்ட கட்டுரைகளில் இந்தச் சிந்தனைக்கு அடித்தளம் போட்டார். உண்மை மதிப்பெண் என்றால் மாணவரின் மூளைக்குள் ஒளிந்திருக்கும் ஏதோ ஓர் எண் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே மாணவர், களைப்பும் நினைவும் சேராமல், அதே தரத்தில் ஆயிரக்கணக்கான தேர்வுகளை எழுதுவதாகக் கற்பனை செய்யுங்கள். அந்த மதிப்பெண்களின் சராசரிதான் அது. அதை யாரும் கண்ணால் பார்க்க முடியாது; மதிப்பிடத்தான் முடியும்.

படி 2: எந்தப் பிழையைப் பேசுகிறோம் என்று தெளியுங்கள்

கடைத் தராசு எப்போதும் 50 கிராம் கூட்டியே காட்டினால் அது முறையான பிழை. ஒருமுறை கூட்டியும் மறுமுறை குறைத்தும் காட்டினால் ஒழுங்கற்ற பிழை. நாம் போடப்போகும் நம்பகத்தன்மைக் கணக்கு (படி 4) பிடிப்பது இரண்டாவதை மட்டுமே.

நுட்பம் இங்கேதான். வாசிப்பில் பின்தங்கிய ஒரு குழந்தைக்குக் கணக்குத் தேர்வின் நீண்ட வாக்கியங்கள் ஒவ்வொரு முறையும் 10 மதிப்பெண்ணைப் பறிக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். எத்தனை முறை எழுதினாலும் சராசரியில் அந்த இழப்பு இருக்கும். ஆகவே அது ‘உண்மை மதிப்பெண்’ணுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும். பெயரில் உண்மை இருப்பதால் அது குழந்தையின் உண்மையான கணக்கு அறிவு ஆகிவிடாது.

படி 3: பிழை எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள்

- நாள்: காய்ச்சல், தூக்கமின்மை, பதற்றம்.
- வினாக்கள்: பத்துப் பாடத்தில் ஏழு பாடம் மட்டும் படித்தவருக்கு அந்த ஏழிலிருந்தே கேள்வி வந்துவிடுவது.
- ஊகம்: சரியான விடையைக் குருட்டாம்போக்கில் குறித்துவிடுவது.
- திருத்துபவர்: காலையில் தாராளம், மாலையில் கறார்.

கடைசிக் காரணத்தைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரே வடிவியல் விடைத்தாளின் நகலை நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களுக்கு அனுப்பித் திருத்தச் சொன்னார்கள். 1913-இல் முடிவு வெளியானது. சிலர் 30-க்கும் குறைவாகப் போட்டிருந்தார்கள். சிலர் 90-ஐத் தாண்டியிருந்தார்கள். கட்டுரைப் பாடத்தில் நடந்திருந்தால் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டோம்; இது கணிதம்.

படி 4: நம்பகத்தன்மை எண்ணைச் சரியாக வாசியுங்கள்

ஒரு வகுப்பில் மதிப்பெண்கள் மாணவருக்கு மாணவர் வேறுபடுகின்றன. அந்த வேறுபாட்டில் எவ்வளவு பங்கு உண்மை மதிப்பெண்களின் வேறுபாட்டால் வந்தது? அந்தப் பங்கே நம்பகத்தன்மை. அது 0-க்கும் 1-க்கும் இடையே இருக்கும்.

0.84 என்றால் வகுப்பில் காணும் மாறுபாட்டில் 84 விழுக்காடு உண்மையானது, மீதி 16 விழுக்காடு பிழை. ‘ஒவ்வொரு மாணவரின் மதிப்பெண்ணும் 84 விழுக்காடு சரி’ என்று இதற்குப் பொருள் சொல்வது பரவலான தவறு.

படி 5: எண்ணைக் கண்டுபிடியுங்கள்

உண்மை மதிப்பெண்ணைப் பார்க்கவே முடியாது என்றால் அதன் பங்கை எப்படி அளப்பது? நான்கு வழிகள் உண்டு.

1. மறுதேர்வு: அதே தேர்வைச் சில வாரங்கள் கழித்து மீண்டும் நடத்தி, இரண்டு மதிப்பெண்களும் எவ்வளவு சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்பதை, அதாவது ஒட்டுறவைப் பார்ப்பது. இடைவெளி குறைந்தால் பழைய விடை நினைவில் நிற்கும். கூடினால் மாணவரே மாறிவிடுவார்.
2. இணைத் தேர்வு: ஒரே தரத்தில் இரண்டு வினாத்தாள். நல்ல முறைதான், ஆனால் தயாரிப்பவருக்கு இரட்டை வேலை.
3. இரு பாதி: ஒற்றைப்படை வினாக்களை ஒரு தேர்வாகவும் இரட்டைப்படை வினாக்களை இன்னொன்றாகவும் எண்ணி ஒட்டுறவு காண்பது. இப்படி வரும் எண் பாதித் தேர்வுக்கு உரியது. ஸ்பியர்மேனும் வில்லியம் பிரவுனும் 1910-இல் தனித்தனியே தந்த சூத்திரம் அதை முழுத் தேர்வுக்கு உயர்த்தும்: எண்ணை இரண்டால் பெருக்கி, அதே எண்ணோடு 1 கூட்டி வருவதால் வகுங்கள். 0.60 வந்திருந்தால், 1.20 ÷ 1.60 = 0.75.
4. ஆல்பா: வினாக்கள் அனைத்தும் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்ப்பது. லீ குரோன்பாக் 1951-இல் எழுதிய கட்டுரையால் புகழ்பெற்றது. ஒரே கேள்வியைச் சொல் மாற்றிப் பத்து முறை கேட்டாலும் ஆல்பா ஏறும் என்பதை மறக்க வேண்டாம்.

படி 6: புள்ளியை வீச்சாக மாற்றுங்கள்

வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைப்பேன் என்றால், இந்தப் படியை வையுங்கள்.

அளவீட்டின் திட்டப் பிழை = திட்ட விலக்கம் × √(1 − நம்பகத்தன்மை)

திட்ட விலக்கம் என்பது மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு. ஒரு வகுப்பின் திட்ட விலக்கம் 10, நம்பகத்தன்மை 0.84 எனக் கொள்வோம். 1 − 0.84 = 0.16. அதன் வர்க்கமூலம் 0.4. பத்தால் பெருக்கினால் 4.

இப்போது 62 எடுத்த மாணவியைப் பாருங்கள். 58 முதல் 66 வரை ஒரு வீச்சு வரைகிறோம். இப்படி வரையும் நூறு வீச்சுகளில் ஏறத்தாழ 68, உண்மை மதிப்பெண்ணைத் தமக்குள் கொண்டிருக்கும். 95 வேண்டுமென்றால் இருமடங்கு: 54 முதல் 70 வரை.

இரண்டு மாணவர்களை ஒப்பிடும்போது இருவரின் பிழையும் சேரும். வேறுபாட்டின் திட்டப் பிழை 4 × √2, அதாவது சுமார் 5.7. ஆகவே 62-க்கும் 66-க்கும் இடையே யார் மேல் என்று இந்தத் தேர்வால் அடித்துச் சொல்ல முடியாது. தரவரிசையில் அவர்களுக்கு நடுவே பத்துப் பேர் நிற்கலாம் என்பது வேறு விஷயம்.

படி 7: உச்சத்தில் இருப்பவரை அவசரப்பட்டுத் திட்டாதீர்கள்

அதே வகுப்பின் சராசரி 60. ஒருவர் 85 எடுக்கிறார். அவருடைய உண்மை மதிப்பெண்ணுக்கு நல்ல மதிப்பீடு: சராசரியிலிருந்து உள்ள தூரத்தை (25) நம்பகத்தன்மையால் பெருக்கி, சராசரியோடு கூட்டுங்கள். 60 + 21 = 81.

மிக உயர்ந்த மதிப்பெண்களில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் சேர்ந்திருக்கும். அடுத்த தேர்வில் அது உடன்வராது. 85 எடுத்தவர் 80-க்கு இறங்கினால் ‘தலைக்கனம் ஏறிவிட்டது’ என்கிறோம். 35 எடுத்தவர் 40-க்கு ஏறினால் நாம் திட்டியதால் திருந்தினார் என்கிறோம். இரண்டிலும் பெரும்பங்கு இந்தக் கணக்குடையதாக இருக்கலாம்.

படி 8: இந்த மூன்று தவறுகளைத் தவிருங்கள்

- ‘இந்தத் தேர்வின் நம்பகத்தன்மை 0.9’ என்று பொதுவாகச் சொல்வது. அந்த எண் குறிப்பிட்ட குழு எடுத்த மதிப்பெண்களுக்கு உரியது. ஒரே தரத்து மாணவர்கள் மட்டும் எழுதினால் அதே தேர்வின் எண் இறங்கும்.
- நம்பகத்தன்மையை ஏற்புடைமை (அளக்க நினைத்ததையே அளப்பது) என்று எண்ணுவது. தலையின் சுற்றளவை நாடாவால் மிக நம்பகமாக அளக்கலாம். அது அறிவை அளந்ததாகாது.
- எல்லாருக்கும் ஒரே பிழை என்று நினைப்பது. நடுத்தர மாணவருக்காக எழுதிய தேர்வு இரு ஓரங்களில் இருப்பவர்களைத் துல்லியமாக அளக்காது.

படி 9: பிழையைக் குறையுங்கள்

இரண்டு பெரிய கேள்விகளுக்குப் பதில் இருபது சிறிய கேள்விகள் கேளுங்கள். திருத்துமுன் விடைக்குறிப்பை எழுதிவையுங்கள். பெயரை மறைத்துத் திருத்துங்கள். ஒரு மாணவரின் தாளை முழுதாக முடிப்பதைவிட, எல்லாருடைய முதல் விடையையும் முடித்துவிட்டு இரண்டாவதற்குப் போங்கள். இரண்டாமவர் திருத்தும்போது முதலாமவர் போட்ட மதிப்பெண் அவர் கண்ணில் படக் கூடாது. தேர்ச்சிக் கோட்டுக்கு ஒட்டி நிற்பவர்களுக்கு இன்னொரு சான்றைத் தேடுங்கள்.

ஹால் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2014-இல் கேட்டதும் இந்தக் கடைசி வாக்கியம் சொல்வதைத்தான். 71 என்ற மதிப்பெண் 95 விழுக்காட்டு நம்பிக்கையோடு 66 முதல் 76 வரையிலான வீச்சையே குறிக்கும் என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. அளவீட்டுப் பிழையைப் புறக்கணிக்கும் கறாரான 70 கோடு அரசமைப்புக்கு முரண் என்று 5-4 என்ற கணக்கில் முடிவானது. மற்றச் சான்றுகளையும் பார்த்த பிறகு 2016-இல் ஹாலின் மரண தண்டனை விலக்கப்பட்டு ஆயுள் தண்டனை ஆனது.